வலது மூலையில் ஒரு பெருக்கல் குறி

1.
இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஓர் ஆஸ்பத்திரி கவுண்டரில், வரிசையில் மூன்றாவதாக நின்றபோது. முன்னால் ஓர் அப்பாவும் மகனும் நின்றார்கள். கண்டதை அப்படியே எழுதுகிறேன், எதையும் சேர்க்கப்போவதில்லை. (எழுதுகிறவன் இப்படிச் சொன்னால் நம்பாதீர்கள்.)

2.
மகனை ஆபீஸில் 'மில்லிமீட்டர்' என்பார்கள். இணையப் பக்கங்களை வடிவமைப்பவன். அந்த ஆஸ்பத்திரிக்காக, நோயாளிகள் தேதி குறித்துக்கொள்ளும் பக்கத்தைச் செய்தவனும் அவன்தான். குறித்த தேதியை ரத்து செய்ய எதை வைப்பது? லிங்க் வைத்தால் வேறு பக்கத்துக்குப் போகும் என்று நினைப்பார்கள். பட்டன் வைத்தால் ஏதோ நடக்கப்போகிறது என்று ஒரு நொடி தயங்குவார்கள். ஐகான், அதாவது வெறும் படக்குறி, இடத்தை அடைக்காது.

"'ரத்து செய்'னு எழுதி ஒரு பட்டன் வெச்சிடேன்பா," என்றாள் பக்கத்து சீட்காரி.

"அசிங்கமா இருக்கும். பெருக்கல் குறி போதும், உலகத்துக்கே புரியும்."

தேதிப் பெட்டியின் வலது மூலையில் வைத்தான். 'நிச்சயமா?' என்று கேட்கும் பெட்டியையும் தூக்கிவிட்டான்.

பதினைந்தே நாளில் ரத்துகள் மூன்று மடங்கு. எவ்வளவு சுலபமாகிவிட்டது, எல்லாரும் பயன்படுத்துகிறார்கள் என்று ஆபீஸில் கேக் வெட்டினார்கள்.*

* கேக் கற்பனை இல்லை.

3.
அப்பா ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தபடி தன்

வேண்டாம். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. பஸ் டிப்போவில் முப்பது வருஷம் வண்டிகள் கிளம்பும் நேரத்தைக் குறித்தவர். இரண்டு கண்ணிலும் புரை. குறித்த ஆபரேஷன் தேதி சரிதானா என்று ஒருநாள் காலையில் போனில் பார்த்தார், பார்த்ததும் பெட்டியை மூடினார். மூடுவதென்றால், மூலையிலுள்ள பெருக்கல் குறியைத் தொடுவது. வேறெல்லா இடத்திலும் அப்படித்தானே மூடுகிறோம்?

"நீங்களே கேன்சல் பண்ணிருக்கீங்க சார்," என்றாள் கவுண்டர் பெண்.

"நான் பண்ணலம்மா. பாத்துட்டு மூடினேன், அவ்வளவுதான்."

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். அடுத்த தேதி நாலு மாதம் கழித்து.

"முப்பது வருஷம் ஊருக்கே டைம் எழுதினவன், சொந்த டைமைத் தொலைச்சுட்டேன் பாரு. புத்தி மழுங்கிப் போச்சுடா," என்றார் மகனிடம்.

மகன் அந்த அடுத்த தேதியையே குறித்துக்கொள்ளும்படி கவுண்டர் பெண்ணிடம் சொன்னான்.

வீட்டுக்கு வந்ததும் போனை மருமகளிடம் கொடுத்தார். "இனிமே நீயே வெச்சுக்கோம்மா. நான் எதையாவது அமுக்கித் தொலைச்சுடுவேன்." மறுவாரம் ஏ.டி.எம். அட்டை. அதற்கடுத்த வாரம் காஸ் அடுப்பைப் பற்றவைப்பதை விட்டார், டீக்குக்கூட மருமகளுக்காகக் காத்திருக்கிறார்.

4.
இந்த மகன் பாத்திரம் எனக்குப் பிடிபடவில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா? 'குறியை அங்க வெச்சது நான்தான்பா' என்று சொல்ல நாலு நொடி ஆகுமா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம்தான் கோணல், ஆடியவரோ தன் காலைப் பழித்துக்கொண்டிருக்கிறார். கட்டிய கொத்தனார் பக்கத்திலேயே நின்று

சரி. வரிசையில் மூன்றாவதாக யாரும் நிற்கவில்லை. மில்லிமீட்டர் நான்தான். வெட்கமாக இருக்கிறது.

5.
முடிவுகள்:

(அ) சொல்லிவிடுகிறேன். "அட கழுதை!" என்று சிரிக்கிறார், போனைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். (எழுதினேன், அடித்துவிட்டேன். எனக்கு வசதியான முடிவு.)

(ஆ) சத்தமில்லாமல் குறியை எடுத்துவிட்டு, 'தேதியை ரத்து செய்' என்று எழுத்தில் ஒரு பட்டன் வைக்கிறேன். இது நடந்தேவிட்டது. ரத்துகள் சரிந்தன. ஏன் சரிந்தன என்று மேனேஜர் கவலைப்பட்டு மீட்டிங் போட்டார். அப்பாவுக்கு எதுவும் தெரியாது.

(இ) அவரே இதைப் படித்துத் தெரிந்துகொள்வது. கொட்டை எழுத்தில் அச்சிட்டாலும் இப்போது அவரால் படிக்க முடியாது. யாராவது வாசித்துக் காட்ட வேண்டும்.

நேற்று அவரே கேட்டார். "என்னடா எழுதுற? படி, கேப்போம்." முதல் பகுதியை வாசித்தேன்.

"ம், அப்புறம்?"

"இன்னும் எழுதலப்பா."

மீதியை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். காலை பத்து மணிக்கு மேல், நாங்கள் வேலைக்குப் போனதும், வீட்டில் தனியாகத்தான் இருப்பார். கதவைத் தட்டினால் அவரே திறப்பார், வாசல் சாவியை மட்டும் இன்னும் யாரிடமும் கொடுக்கவில்லை. இந்த வாரமே போய்விடுங்கள்.