ஆ. பெரியநாயகம் ஆகிய நான்

குடிநீர் அமைச்சர் பதவியேற்ற காலையில், அந்தப் பதவிக்குரிய கடமைகள் அத்தனையும் இண்டூருக்குக் கிழக்கே தக்காளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த ஒரு விவசாயியின் மேல் விழுந்தன. காரும் வீடும் கொடியும் மட்டும் சரியான ஆளுக்குப் போய்ச் சேர்ந்தன. சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. பெரும்பான்மை உள்ளவரை ஆளுநர் முதலமைச்சராக நியமிக்கிறார். முதலமைச்சர் யார் யாரைச் சொல்கிறாரோ அவர்களை அமைச்சர்களாக நியமிக்கிறார். அவர்கள் ஒவ்வொருவராக வந்து, தம் பெயரைத் தம் வாயால் சொல்லி, அச்சமோ ஒருதலைச் சார்போ இல்லாமல் கடமையைச் செய்வதாக உறுதி எடுக்கிறார்கள். பிறகு துறைகள் பிரித்துத் தரப்படுகின்றன. அன்றும் எல்லாம் அப்படித்தான் நடந்தது. கோளாறு பெயரில் இருந்தது.

அந்த அமைச்சரின் சொந்தப் பெயர் சென்னப்பன். முதல் தேர்தலில் டெபாசிட் போனதும் எண்கணித ஜோசியர் ஒருவரிடம் போனார். பெயரைப் பெரியநாயகம் என்று வைத்துக்கொள், முன்னெழுத்து ‘ஆ’வாக இருக்கட்டும் என்றார் ஜோசியர். பெற்ற அப்பனின் எழுத்தைக் கூசாமல் தூக்கிப் போட்டவன் நம் பாரத்தை எங்கே சுமக்கப் போகிறான் என்று அப்போதே யாராவது கேட்டிருக்கலாம். நாங்கள் கேட்கவில்லை, ஓட்டுப் போட்டோம். வேட்பு மனுவில் சென்னப்பனாகவும் சுவரில் பெரியநாயகமாகவும் நின்று ஜெயித்தவர், ஆளுநர் முன்னால் ‘ஆ. பெரியநாயகம் ஆகிய நான்’ என்று கணீரென்று சொன்னார். உறுதிமொழி அந்தப் பெயருக்கு உரியவரைத் தேடிக்கொண்டு புறப்பட்டது. அந்தத் தக்காளி விவசாயிக்கு, ஆரோக்கியசாமியின் மகனுக்கு, ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அது. வேறு எவருக்கும் அந்த எழுத்தோடு அந்தப் பெயர் இல்லை.

வரப்பில் நின்ற பெரியநாயகத்தின் பிடரியில் நெல் மூட்டையை இறக்கியது போல் ஒரு கனம் விழுந்து, முழங்கால் மடங்கிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். அன்று முதல், மாநிலத்தில் எங்கே குழாய் உடைந்தாலும் அவர் தோல் அந்த அளவுக்குப் பிளந்து நல்ல தண்ணீர் கசிந்தது. எங்கே தொட்டி காய்ந்தாலும் நாக்கு வெடித்தது. பிள்ளைகளின் பல்லைப் பழுப்பாக்கி எலும்பை வளைக்கும் கெட்ட தண்ணீரை எங்கள் மாவட்டம் தலைமுறையாகக் குடித்துவருகிறது. அந்தப் பிள்ளைகளின் வலியெல்லாம் சேர்ந்து அவர் முதுகெலும்பில் இறங்கி, ஒரே மழைக்காலத்தில் அவரைக் கூனாக்கியது. இரகசியக் காப்பு உறுதிமொழியும் அவர் மேல்தான் விழுந்திருந்ததால், எந்த ஊருக்கு ஏன் தண்ணீர் போகவில்லை என்ற கோப்பெல்லாம் அவருக்குத் தெரிந்தது. சொல்ல வாயெடுத்தால் தொண்டை அடைத்துக்கொண்டது. அமைச்சரோ சட்டமன்றத்தில் எதைக் கேட்டாலும் தமக்கு ஒன்றும் தெரியாது என்றார். அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

பெரியாஸ்பத்திரியில் சர்க்கரை பார்த்தார்கள், உப்பு பார்த்தார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஏற்றிய குளுக்கோஸ் குதிகால் வழியாக ஒழுகியது, எங்கோ ஒரு நகராட்சியில் வால்வு பழுதாகியிருந்தது. நோயைக் கண்டுபிடித்தவர் மனைவி இசபெல்லா. தொப்பூர் இறக்கத்தில் ஒரு லாரி சரிந்து பெரிய குழாயை உடைத்த செய்தி டிவியில் ஓடிக்கொண்டிருந்தபோது, கட்டிலில் கிடந்தவரின் தொடை பிளந்து தண்ணீர் தரையெல்லாம் பரவியது. குழாயை அடைத்துவிட்டதாகச் செய்தி வந்ததும் தொடையும் மூடிக்கொண்டது. அவர் சேற்றில் விழுந்த அன்று நடந்த பதவியேற்பு விழாவை இசபெல்லா செல்போனில் தேடிப் போட்டுப் பார்த்தார். தன் புருஷன் பெயரை இன்னொருத்தன் வாயில் கேட்டதும் போனைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

தர்மபுரி பயணியர் மாளிகையில் அமைச்சர் தங்கியிருந்தார். பொறுப்பு எதுவும் வந்து சேராததால் ஆள் எடையே இல்லாமல் இருந்தார். மின்விசிறிக் காற்றுக்கு நாற்காலியை விட்டு ஒரு சாண் எழும்புவார், பக்கத்தில் நிற்கும் உதவியாளர் தோளை அமுக்கி உட்கார வைப்பார். வெள்ளை வேட்டி கசங்கவே இல்லை. இசபெல்லா கும்பிடவில்லை.

“அய்யா, உங்க பாரம் எங்க வூட்ல கெடக்குதுங்க. சொந்தப் பேரச் சொல்லி இன்னொருக்கா உறுதி எடுத்துக்குனு, அத எடுத்துக்குங்க. எங்க வூட்டுக்காரரு செத்துப்போயிடுவாருங்க.”

அமைச்சர் கோபப்படவில்லை. கையெழுத்து, கூட்டம், சைரன் எல்லாம் சரியாக வருகின்றன, பொறுப்பு என்று தனியாக ஒன்று இருப்பதாக யாரும் தம்மிடம் சொல்லவில்லை என்றார். மறுபடி உறுதி எடுப்பதற்கு ஜோசியர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றும் சொன்னார். ஆறுதலாக ஒரு சால்வையை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு மனிதன் அங்கே எலும்பு எலும்பாக வளைந்துகொண்டிருக்கிறான், இவர் சால்வை கொடுக்கிறார்.

இசபெல்லா சால்வையை வாசற்படியிலேயே போட்டுவிட்டு நேரே வக்கீல் மாதவராஜிடம் போனார். மாதவராஜ் புத்தகத்தைப் புரட்டி இரண்டு விஷயங்களைச் சொன்னார். அமைச்சரவையின் பொறுப்பு கூட்டுப் பொறுப்பு, ஒரே ஆள் சுமக்க வேண்டியதில்லை. சட்டமன்றத்தில் இடம் இல்லாதவரும் அமைச்சராக இருக்கலாம், ஆனால் ஆறு மாதத்துக்குள் ஜெயித்து உள்ளே வராவிட்டால் பதவி தானாகப் போய்விடும். மற்ற மந்திரிகள் எங்கே என்று இசபெல்லா கேட்டார். விசாரித்தவரைக்கும் அவர்களில் பலரும் மிதந்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்றார் வக்கீல். அப்படியானால் கூட்டுக்கு ஆளை நாமே சேர்க்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு இசபெல்லா பஸ் ஏறினார்.

வீடு வந்தபோது பங்குச் சாமியார் சாகக் கிடப்பவர்களுக்கான நோயில்பூசுதல் கொடுத்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார். பெரியநாயகத்தின் கண் செருகியிருந்தது, நாக்கு பாளம் பாளமாக வெடித்திருந்தது. இசபெல்லா கட்டிலைத் தெருவுக்குத் தூக்கச் சொல்லி, மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே போட்டு, ஊரைக் கூப்பிட்டார். கோயில்காரர்களும் வந்தார்கள், சர்ச்காரர்களும் வந்தார்கள். இசபெல்லாவே முதலில் ‘இசபெல்லா ஆகிய நான்’ என்று ஆரம்பித்து உறுதிமொழியை முழுதும் சொன்னார். சொல்லி முடித்ததும் முழங்கால் மடங்கியது, கட்டிலில் கிடந்தவர் ஒரு மூச்சு இழுத்து விட்டார். கூட்டம் ஓரடி பின்வாங்கியது. யாருக்குத்தான் ஆசை வரும்? இரண்டு மாடு வைத்துப் பிழைக்கிற மாதம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“வோட்டும் நாந்தான் போடணும், வலியும் நாந்தான் படணுமா? அங்க ஒருத்தன் காத்துல பறந்துக்குனு இருக்கான். நல்லா இருக்குது உங்க சட்டம்.”

சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ‘மாதம்மாள் ஆகிய நான்’ என்றார். அடுத்து நஞ்சப்பன் வந்தார். அதற்கப்புறம் வரிசையாக வந்தார்கள், சிலர் திட்டிக்கொண்டே வந்தார்கள். பொழுது சாய்வதற்குள் கனம் பங்குபங்காகப் பிரிந்து, பெரியநாயகம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார்.

சட்டம் சொன்னபடியே எவரும் தேர்தலில் ஜெயிக்காததால் ஆறு மாதத்தில் பொறுப்பு அவர்களை விட்டுக் கழன்றது. கழன்றது அமைச்சரிடம் போகும் என்று எதிர்பார்த்தோம். அது நேராகப் பெரியநாயகத்தின் பிடரிக்கே திரும்பியது, சுவரில் நின்று ஜெயித்த பெயர் அவருடையதாயிற்றே. ஆகவே ஏரித் தண்ணீருக்கு முறை வைப்பது போல் இதற்கும் முறை வைத்தார்கள். இந்த அரையாண்டு கீழத்தெரு, அடுத்தது மேலத்தெரு. இண்டூர்ப் பக்கத்து ஊர்களும் சேர்ந்தன, பிறகு காரிமங்கலத்திலிருந்து ஆட்கள் வந்து கேட்டு வாங்கிப் போனார்கள். அடைப்பு எங்கே, உடைப்பு எங்கே என்று உடம்பே சொன்னதால், நான்கைந்து பேர் பைக்கில் போய்ச் சரிசெய்துவிட்டு வருவதும் வழக்கமானது. அப்படிச் சரிசெய்த ஒரு குழாயின் திறப்பு விழாவுக்கு அமைச்சர் வந்தார். இடுப்பில் கயிறு கட்டி இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்சி மாறியது. புதிய அமைச்சரும் ஜோசியரைப் பார்த்துவிட்டுத்தான் பதவியேற்றார், அவர் சொன்ன பெயரில் ஆளே கிடையாது. கனம் எங்களிடமே இருக்கிறது.

போன வாரம் இண்டூரிலிருந்து தர்மபுரிக்குப் போகும் டவுன் பஸ்ஸில், தூக்குவாளியோடு ஏறிய சசிகலா என்ற பெண் கம்பியைப் பிடித்தபடியே இடுப்பு பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். ரவிக்கை ஓரம் நனைந்தது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்து, எங்கே உடைந்தது என்று கேட்டார். கடலோரமாக எங்கேயோ, கொஞ்சம் உப்புக் கரிக்கிறது என்றாள். அவர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, முன்வரிசையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்:

“மந்திரி நின்னுக்குனு வருது, யாராச்சும் எந்திரிச்சு எடம் வுடுங்கப்பா.”