அப்பாவின் ஆகஸ்ட் பதினான்கு

மாடு மேய்த்து வாழும் அங்கோலே மலைச்சரிவில் எரியாவின் கதையைக் கேட்காத ஆள் கிடையாது. இளவயதில் ஒரு கன்றைத் திருடியவர் அவர். இயேசுவை ஏற்றுக்கொண்ட அன்றே, அதற்குள் பசுவாகி இரண்டு ஈன்றிருந்த அதையும் அதன் கன்றுகளையும் ஓட்டிக்கொண்டு ஒன்றரை நாள் நடந்தார். உரியவன் வாசலில் நின்று, "நான்தான் திருடன்" என்று சொல்லி அவற்றை ஒப்படைத்துவிட்டு வந்தார். சாகும்வரை அந்தத் தேதியை, கிழமையை, வெயில் ஏறியிருந்த உயரம் உட்படச் சொல்வார். அங்கே அதுதான் வழக்கம். விசுவாசிகள் கூடும் ஐக்கியக் கூட்டத்தில் சாட்சி சொல்ல எழுந்தவர், எந்த நாளில் இரட்சிக்கப்பட்டார் என்பதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாதவரை உட்கார விடமாட்டார்கள்.

எரியாவின் மகன் யோவாசிக்கும் ஒரு தேதி இருந்தது. ஆகஸ்ட் பதினான்கு. பதினேழு வயதில், மாநாட்டுத் திடலில், யூகலிப்டஸ் மரத்தடியில் விழுந்து அழுத நாள். இருபத்திநான்கு வருடமாகச் சொல்லிவருகிறார், கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அதில் ஒரே ஒரு குறைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை.

பாவம், அவரை மட்டும் சொல்லி என்ன பயன்? அப்பாவே எல்லாத் திருட்டையும் முடித்துவிட்ட வீட்டில் பிறந்த பிள்ளை. நினைவு தெரிந்த நாள் முதல் ஆண்டவரை நம்பியவர், எப்போதிருந்து என்று கேட்டால் எங்கே போவார்? ஒருநாள் கூட்டமே தன் வாயைப் பார்த்திருந்தபோது, நாக்கில் வந்த தேதியைச் சொல்லிவிட்டார். அது அட்டைபோல ஒட்டிக்கொண்டது.

அவருடைய மகள் அதுஹைரேக்குப் பதினைந்து வயது. ஞாயிறன்று, வளர்ந்த பிள்ளைகளை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் திடப்படுத்தல் சடங்கை நடத்தப் பேராயர் வருகிறார். அதற்கு முந்தின நாள் பிள்ளைகள் ஐக்கியக் கூட்டத்தில் சாட்சி சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை பால் குடுவைகளைச் சுத்தப்படுத்தப் புகை காட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று சொன்னாள்:

"அப்பா, நாளைக்கு நான் எழுந்திருக்க மாட்டேன்."

"ஏம்மா, காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்ல. தேதிதான் இல்ல."

யோவாசி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஜெபம் பண்றேன்ப்பா. நம்புறேன்னுதான் நினைக்கிறேன். ஆனா உங்களை மாதிரி ஒரு மரத்தடியிலயும் நான் விழுந்து அழல. அப்போ எனக்கு இருக்கிற விசுவாசம் நிஜமில்லதானே? இல்லாததைச் சொல்லி ஆண்டவரை ஏமாத்த முடியாது. பேராயர்கிட்டயும் நான் போகல."

கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்த அவள் அம்மா பெரேசி தலையை நிமிர்த்தவில்லை. "அப்பாவையே கேளுடி. மரத்தைப் பத்தி அவருக்குத்தான் தெரியும்" என்றாள்.

அன்று யோவாசிக்குக் களி இறங்கவில்லை. மகளின் விசுவாசத்துக்குக் குறுக்கே கிடப்பது தன்னுடைய மரம்தான் என்று அவருக்குப் புரிந்தது. அதை வெட்டினால் இருபத்திநான்கு வருட மரியாதையும் சேர்ந்து சாயும். மரியாதை என்றால் அவருக்குக் கொஞ்சம் ஆசைதான், அதை மறைப்பானேன்.

சனிக்கிழமை செபிதாயோவின் முற்றம் நிறைந்திருந்தது. கூட்டத்தை நடத்தும் மூத்த சகோதரர் அவர். வெயில் இல்லாவிட்டாலும் குடை பிடிப்பார், தேதி வாங்காமல் ஒருவரையும் விடமாட்டார். பிள்ளைகள் வரிசையாக எழுந்து ஒப்பித்து உட்கார்ந்தார்கள்.

"அடுத்து எரியாவோட பேத்தி. வெட்கப்படாத தாயி, எந்த நாள்?"

அதுஹைரே தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண்கள் பக்கத்தில் யோவாசி எழுந்தார்.

"சகோதரரே, மொதல்ல என்னைப் பேச விடுங்க. என் ஆகஸ்ட் பதினாலு பொய்."



"அந்த மரம்?" என்றார் செபிதாயோ.

"மரம் இருந்துச்சு. நான்தான் அங்க இல்ல. எனக்குத் தேதியே கிடையாது. சின்ன வயசிலேர்ந்து அவரை நம்புறேன், அது மட்டும் நிஜம். உங்க முன்னாடி சின்னவனாயிடுவேன்னு பயந்து பொய் சொன்னேன். மன்னிச்சிடுங்க." மகள் பக்கம் திரும்பினார். "நீயும் மன்னிச்சிடும்மா. இல்லாததைக் காட்டி உன்னை ஏங்க வச்சுட்டேன்."

பெண்கள் பக்கமிருந்து பெரேசியின் குரல் வந்தது. "அந்த ஆகஸ்ட் பதினாலு அன்னைக்கு இவர் எங்க வீட்டு வாசல்ல உக்காந்து மூணு குடுவை பால் குடிச்சாருங்க. என்னைப் பாக்க வந்தவரு. கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து இது பொய்னு எனக்குத் தெரியும். என்னைக்காவது அவராவே சொல்லணும்னு தினமும் ஜெபம் பண்ணினேன்."

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார், பிறகு முற்றமே சிரித்தது. செபிதாயோ சிரிக்கவில்லை. அந்த மரத்தடிக் கதைக்கு அதிகம் அழுதவர் அவர்தான். குடையை மடக்கி வைத்துவிட்டு வந்து யோவாசியைக் கட்டிக்கொண்டார். ஒருவர் குற்றத்தை அறிக்கையிட்டால் பாடும் துதிப்பாட்டை அவரே எடுத்துக்கொடுத்தார். யோவாசி சட்டைக் கையில் முகத்தைத் துடைத்தார். இந்தத் தடவை அழுகை நிஜமானது.

பாட்டு முடிந்தபோது அதுஹைரே நின்றுகொண்டிருந்தாள்.

"எனக்கும் தேதி இல்ல. இன்னைக்குன்னு சொன்னா அதுவும் பொய்யாயிடும். ஆனா ஒண்ணு சொல்றேன். எங்க அப்பாவுக்கு மானம்னா உசுரு. சட்டையைத் தேய்க்காம வெளியில போகமாட்டாரு. அவரையே இத்தனை பேர் முன்னாடி இப்படிச் சொல்ல வச்சவரு ஒருத்தர் இருக்காரு. அவரைத்தான் நான் நம்புறேன்."

செபிதாயோ வழக்கம்போல நாளைக் கேட்க வாயைத் திறந்தார். கேட்கவில்லை.

"உக்காரு தாயி," என்றார்.