ஆரஞ்சு கோட்டு

"நீ மெஷின் மிதிக்கிற மாதிரியே சைக்கிளையும் மிதிக்கிறே. இடத்தை விட்டு நகரவே மாட்டேங்கிறே" என்றாள் அக்கா. காலைச் சாப்பாட்டு மேஜையில், எல்லார் முன்னாலும். நான் தையல்காரி. அவள் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். வார்டில் செலுத்தும் அதிகாரத்தை அப்படியே மடித்துப் பெட்டியில் வைத்து வெளிநாட்டுக்கும் கொண்டுவந்திருந்தாள். எங்கள் சைக்கிள் பயணத்துக்கு அவள்தான் தலைவி.

முந்தின நாள் நான் வந்து சேரும்வரை எல்லாரும் பட்டினி கிடந்தார்களாம். இன்றும் இருட்டுவதற்குள் லாட்ஜுக்கு வராவிட்டால் நாளையிலிருந்து சாமான் வேனில்தான் எனக்கு இடம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மூட்டையோடு மூட்டையாகப் போவதற்கா கடல் தாண்டி வந்தேன்? எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. திருப்பம் வரும் இடத்திலெல்லாம் முன்னால் போகிறவர்களில் ஒருவர் நின்று, பின்னால் வருபவர்களுக்கு வழி காட்ட வேண்டும். கடைசி ஆளைக் கண்ட பிறகே அவர் நகரலாம். கடைசி ஆளுக்கு 'வால்' என்று பெயர். தூரத்திலேயே தெரியட்டும் என்று அவருக்கு மட்டும் ஆரஞ்சு கோட்டு. அக்காவின் கணவர்தான் வால். மாமா லாரி மெக்கானிக், பொறுமைசாலி. அக்காவோடு குடித்தனம் நடத்துகிறவருக்கு நான் ஒரு பொருட்டா? பெயர்ப் பலகை ஒன்றையும் படிக்கத் தெரியாத தேசம், மலையில் போனும் எடுக்காது. இந்த வழக்கத்தை நம்பித்தான் எங்கள் பிழைப்பே ஓடியது.

மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. நான் நடுங்குவதைப் பார்த்த மாமா, தன் கோட்டைக் கழற்றி என்னைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. கொஞ்ச தூரத்தில் அவர் சைக்கிள் பஞ்சர்.

"நீ நிக்காதே, போய்க்கிட்டே இரு. நான் ஒட்டிட்டு வந்துடறேன்" என்றார். போனேன்.

முச்சந்தியில் வழி காட்ட எங்கள் கூட்டத்துப் பல் டாக்டர் ஒருவர் வெடவெடத்துக்கொண்டு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் ஏற்றப் பாதையைக் காட்டிவிட்டு, தப்பித்தோம் பிழைத்தோம் என்று பறந்துவிட்டார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். இறங்கித் தள்ளவே இல்லை. மேலே லாட்ஜின் விளக்கு தெரிந்தது, பகல் வெளிச்சமும் மிச்சமிருந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்ற குஷியில், மூக்கைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். கை ஆரஞ்சாக இருந்தது.

டாக்டர் பார்த்தது ஆளை அல்ல, கோட்டை. கீழே முச்சந்தியில் இப்போது யாரும் இல்லை. மாமா நேரே நெடுஞ்சாலையில் போய்விடுவார்.

விளக்கை இன்னொரு தடவை பார்த்தேன். அழுகை வந்தது, பொய் சொல்லவில்லை. அழுதுகொண்டே சைக்கிளைத் திருப்பினேன். அரும்பாடுபட்டு ஏறிய மேடு, கண் மூடித் திறப்பதற்குள் இறங்கிவிட்டது.

முச்சந்தியில் நின்றேன். அவர் ஏற்கெனவே கடந்து போயிருந்தால்? இருட்டத் தொடங்கியபோது, தலையைக் குனிந்தபடி ஒருவர் விறுவிறுவென்று வந்து நேர்ச்சாலையிலேயே போகப் பார்த்தார். மாமாதான். தொண்டை கிழியக் கத்தினேன். அவர் பிரேக் பிடித்ததும்தான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

லாட்ஜ் வாசலில் அக்கா டவலோடு நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"நாளைக்கு வேன்ல ஏறிக்கிறேன். ஒண்ணும் சொல்லாதே."

மாமா நடந்ததைச் சொன்னார். பல் டாக்டர் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என் தலையை அழுத்தித் துவட்டினாள். வலித்தது, சுகமாகவும் இருந்தது. பிறகு கோட்டைக் கழற்றிப் பிழிந்து, என் ஹேண்டில்பாரில் மாட்டினாள்.

"நாளையிலேருந்து நீதான் வால். கடைசியா வர்றதுதான் வாலோட வேலை. ஏன் லேட்டுன்னு யாரும் கேக்க முடியாது, நான் உட்பட. நாங்க சாப்பிட்டுட்டே காத்திருக்கோம்."

கோட்டு எனக்குத் தொளதொளவென்று இருந்தது. சாப்பிட்டதும் ஊசி நூலை எடுத்து, இரண்டு பக்கமும் பிடித்து, கையையும் மடித்துத் தைத்தேன். இனி மாமா தலைகீழாக நின்றாலும் அது அவருக்கு ஏறாது.