தம்பியின் கட்சி

நோர்வேத் தொழிற்கட்சிக்கு ஜேர்மனியின் கொலோன் நகரத்தில் ஒரு கிளை இருந்ததென்றால், அது சுந்தரேஸ்வரி சமைக்கிற குசினிதான். தம்பி பாலச்சந்திரன் அந்தக் கட்சியில் நின்று ஒஸ்லோவுக்குப் பக்கத்து நகரசபை ஒன்றுக்குத் தெரிவானதும், சிவப்பு ரோசாப்பூச் சின்னத்தோடு அவன் சிரிக்கிற தேர்தல் படத்தைச் சாமித்தட்டில் முருகனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். பஸ் தரிப்பிடத்தையும் பாலர் பள்ளியையும் பற்றித்தான் அவன் அங்கே கூட்டத்தில் கதைக்கிறான் என்பது அவள் காதில் ஏறவேயில்லை. ஆளும் கட்சியென்றால் ஆளும் கட்சிதான். அதிலும் இலங்கைக்குச் சமாதானம் பேச வந்த நாடு.

2009 மாசியில் வன்னியிலிருந்து பெரியக்கா மங்களம் எப்படியோ தொலைபேசி எடுத்தாள். பக்கத்துப் பதுங்குகுழிச் சனம் கடலேரியைக் கடந்து இராணுவப் பக்கம் போகப்போகுது, நானும் போகட்டோ என்று கேட்டாள். சுந்தரேஸ்வரி பயந்தாள். தண்ணீரில் வைத்தே சுட்டுப்போட்டால்? சண்டை நிற்குமோ என்று முதல்நாள்தான் தம்பியை விசாரித்திருந்தாள். கட்சிக்குள் கதைத்திருக்கிறோம், நம்பிக்கை இருக்கிறது என்று, அரசியலில் இருக்கிற எவரும் சொல்வதைத்தான் அவனும் சொன்னான்.

“போகாதையுங்கோ அக்கா. தம்பியின்ரை கட்சி சண்டையை நிப்பாட்டும். கொஞ்சம் பொறுங்கோ.”

மங்களம் சிரித்தாள். தாயில்லாத அவனுக்கு மூக்குத் துடைத்து வளர்த்தவளே அவள்தான். எங்கடை பாலனோ என்று சொல்லி, போகாமல் நின்றுவிட்டாள்.

கடலேரியைக் கடந்த சனம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது. மங்களத்தின் பதுங்குகுழிக்குள் ஷெல் விழுந்தது.

எல்லாம் முடிந்த பிறகு பாலச்சந்திரன் கொலோனுக்கு வந்தான். ஆள் பாதியாய்ப் போயிருந்தான். கட்சியில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருடைய கதவையும் தட்டியதாகச் சொன்னான். சாமித்தட்டில் தன் படத்தைக் கண்டதும் அதை எடுக்கச் சொல்லிவிட்டு, குசினிக் கதிரையில் இருந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

“எல்லாரும் போகேக்கை பெரியக்கா மட்டும் ஏன் சின்னக்கா நிண்டவ?”

தான் மறித்ததைச் சுந்தரேஸ்வரி நினைத்தாள். சொன்னால் தன் பாரம் இறங்கும். அவன் பிறகு மனிசனாய் எழும்பமாட்டான்.

“கால் ஏலாமல் நிண்டவ,” என்றாள்.

அவன் முகத்தைத் துடைத்தான். “என்னைப் பற்றி ஏதும் கேட்டவவோ?”

“ஓம் தம்பி. உன்னைப் பற்றிச் சொல்ல, சிரிச்சவ.”

அது மட்டும் பொய்யில்லை. அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கும் அழுகை வந்தது.