பால்கனிக்குக் கம்பி எங்கே

துறைத்தலைவர் கடைசி வரிசையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் தற்காலிக விரிவுரையாளருக்கு நாக்கு வறண்டுவிட்டது. இன்றைய வகுப்பு தலைவருக்குப் பிடித்தால் அவளுக்கு அடுத்த வருடமும் வேலை உண்டு. இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். வீட்டில் அவள் ஒருத்தியின் சம்பாத்தியம். நோட்ஸ் கொடுக்காமல் கேள்வி கேட்டே பொழுதை ஓட்டுகிறாள் என்று புகார் வேறு போயிருந்தது. கேட்டால் பிள்ளைகள் யோசிப்பார்கள் என்று நம்பி, வருடம் முழுக்கச் சுவரோடு பேசித் தொண்டை கிழிந்ததுதான் மிச்சம்.

கான்கிரீட் உத்திரத்தின் மேல் பாரம் ஏற்றினால் விரிசல் எங்கே விழும் என்று கேட்டாள். அட, இதென்ன அதிசயம், கைகள் உயர்ந்தன! ஒருவன் மேலே என்றான். ஒருத்தி அவனை மறுத்து, அடிப்பக்கம்தான் இழுபடும், அதனால் இழுவையைத் தாங்கும் கம்பியும் அடியில்தான் என்றாள். இன்னொருவன் தாடையைச் சொறிந்து தயங்கி ஆமோதித்தான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் முன்பெஞ்சில் கிளாஸ் லீடரின் உதடுகளைக் கவனித்தாள். யார் பேசினாலும் அந்தப் பெண்ணின் வாய் கூடவே அசைந்தது. நாளைக்கு என்ன கேப்பீங்க மேடம் என்று நேற்று நச்சரித்தவள் அவள்தான். பாவி மகள், மேடம் வேலை போய்விடக் கூடாதென்று ஆளுக்கொரு பங்கு பிரித்து மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறாள். தப்பாகச் சொல்ல ஒருவன், தயங்க ஒருவன். இந்தப் பாசத்துக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொண்டு அழுவதா?

"பிரமாதம்மா, இப்பிடித்தான் இருக்கணும்," என்று துறைத்தலைவர் எழுந்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்தாள். ஆனால் இது கடைசி வருட வகுப்பு. இதுகள் வெளியே போய் யார் தலைக்கு மேலேயோ கூரை போடும்.

"இன்னும் ஒரே ஒரு கேள்வி சார்," என்று வகுப்பின் பக்கம் திரும்பினாள். "பால்கனி. ஒரு பக்கம்தான் சுவத்துல இருக்கு, மிச்சம் அந்தரத்துல நீட்டிக்கிட்டு இருக்கு. மெயின் கம்பி எங்க?"

"அடியில மேடம்," என்றது வகுப்பு, ஒரே குரலில்.

துறைத்தலைவர் மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தார்.

"அது உடைஞ்சு விழுந்துடுச்சு," என்றாள் அவள். "உங்கம்மா அதுல நின்னுக்கிட்டு இருந்தாங்க. இப்ப சொல்லுங்க."

"மேடம், இத நீங்க சொல்லவேயில்லையே," என்று கிளாஸ் லீடர் அழாக்குறையாக முணுமுணுத்தாள்.

அவளுக்குப் பின்னால், தப்பாகச் சொல்ல நியமிக்கப்பட்டவன் பிளாஸ்டிக் ஸ்கேலை மேஜை விளிம்புக்கு வெளியே பாதி நீட்டினான். ஒரு கையால் உள்முனையைப் பிடித்துக்கொண்டு வெளிமுனையை விரலால் அழுத்தினான். அது வளைந்தது. குனிந்து ஸ்கேலின் அடிப்பக்கத்தைப் பார்த்தான், பிறகு இழுபட்டு நின்ற மேல்பக்கத்தை. வாய் லேசாகத் திறந்தது. கிளாஸ் லீடர் சட்டென்று திரும்பி முறைத்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்; ஸ்கேலிலிருந்து விரலை மட்டும் எடுக்கவில்லை.