தண்ணீர் ஊற்றக் கூடாத சவுனா

ஏரிக்கரையில் உர்ப்போ கட்டிய சவுனா என்ற நீராவிக் குளியலறையின் விலைக்கு ஒரு வீடே வாங்கியிருக்கலாம். முதல் சனிக்கிழமை உள்ளே உட்கார்ந்த நண்பர்களுக்குச் சூட்டில் வியர்த்தது; அவருக்கோ பயத்தில்.

"அடுப்புக் கல்லு மேல தண்ணி ஊத்தாதீங்கப்பா, ஆவி பட்டா மரம் கறையாயிடும்" என்றார் உர்ப்போ.

"அப்ப இது சவுனாவா, ஷோகேஸா?" என்றார் நண்பர் கலெவி.

அடுத்த சனிக்கிழமை யாரும் வரவில்லை. அக்கரையில் கலெவியின் பழைய சவுனாவிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பளபளக்கும் பலகையைத் துடைத்தபடி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார் உர்ப்போ. பிறகு படகை வலித்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார்.

"எனக்கு எடம் இருக்காடா?"

"இருக்கு. பலகையத் தொடச்சே, ஏரியில தள்ளிடுவேன்."

கலெவி தண்ணீர் அகப்பையை நீட்டினார். உர்ப்போ ஆசைதீரக் கல்லில் ஊற்றிய ஊற்றில், மேலே எழுந்த ஆவியின் சூடு தாங்காமல் எல்லோரும் அவரைத் திட்டிக்கொண்டே கீழ்ப்பலகைக்கு இறங்கினார்கள்.