மேலே சேர்த்த ஒரு வரி

காலை ஏழு மணிக்கே கொச்சி மட்டாஞ்சேரியின் அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் முன்னால் வரிசை நின்றுவிடும். வளைகுடா நாட்டு வேலைக்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டி வெறும் வயிற்றோடு வந்த ஆண்கள். பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் உறையில் பொத்திப் பிடித்தபடி நிற்பார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு பின்னறைக்குப் போய், இரவும் பகலும் அணையாமல் ஓடும் கம்ப்யூட்டரைச் சரிபார்ப்பதுதான் விஜியின் முதல் வேலை.

விஜிக்கு இருபத்தாறு வயது. அம்மா நகரசபைத் துப்புரவுத் தொழிலாளி. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம் என்று வளர்ந்தவள், எறணாகுளத்துக்குப் படகேறிப் போய் லினக்ஸ் படித்தாள். நகரசபைக் குவார்ட்டர்ஸிலிருந்து துடைப்பம் எடுக்காமல் வேலைக்குப் போன முதல் பெண் அவள்தான். அம்மா அதைச் சொல்லாத நாளில்லை. இது நடந்தது 2004ஆம் வருஷம்.

கூடத்தின் எல்லாப் பரிசோதனை முடிவுகளும் அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் இருந்தன. தோப்பும்படிக் கிளையும் இன்டர்நெட் வழியாக அதைத்தான் பார்க்கும். வேறு யாரும் உள்ளே வராமல் இருக்க விஜியே ஃபயர்வால் அமைத்திருந்தாள். படமோ பொத்தானோ இல்லாத கறுப்புத் திரையில், ஒவ்வொரு கட்டளையாகத் தட்டி எழுதியது. யார் வந்தாலும் இயந்திரம் அந்த வரிகளை மேலிருந்து கீழாகப் படித்துப் பார்க்கும். எந்த வரி முதலில் பொருந்துகிறதோ அதன்படி விடும், இல்லை தடுக்கும். தோப்பும்படிக் கம்ப்யூட்டரின் இன்டர்நெட் முகவரியை மட்டும் விடு, மற்ற எல்லோரையும் தடு. இவ்வளவுதான் அவள் எழுதியிருந்தது. அதை எழுதி முடித்த அன்று கூடத்தை நடத்தும் பெரிய டாக்டரே பின்னறைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்.

மேனேஜர் சங்கர்ராம் பாலக்காட்டுக்காரர். குரலை உயர்த்தத் தெரியாதவர். ஒருநாள் அவர் விஜியின் மேஜையருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போர்ட் கொச்சியில் ஆள் அனுப்பும் ஏஜென்சி வைத்திருக்கும் ராமபத்ரன், தன் ஆட்களின் முடிவுகளைத் தன் ஆபீஸிலிருந்தே முன்கூட்டிப் பார்க்க வேண்டுமாம். அவருக்கு ஒரு பாஸ்வேர்டு கொடுத்து, ஃபயர்வாலில் வழியும் விட வேண்டும் என்றார்.

ராமபத்ரன் போன் வழியாக இன்டர்நெட்டுக்கு வருபவர். ஒவ்வொரு முறையும் அவருடைய முகவரி மாறும். அவருக்குத் திறப்பதென்றால் ஊருக்கே திறக்க வேண்டும். விஜி அதை விளக்கிச் சொன்னாள். அதோடு, எய்ட்ஸ் சோதனையில் முதல் முடிவு சந்தேகமாக வந்தால், வெளியூர் கூடத்திலிருந்து இரண்டாவது முடிவு வரும்வரை யாருக்கும் சொல்லக் கூடாது என்பது பெரிய டாக்டர் போட்ட விதி. முதல் சோதனை சில சமயம் தப்பாகக் காட்டும்.

"அதெல்லாம் நேக்கும் தெரியும் கொழந்தே," என்றார் சங்கர்ராம். "ராமபத்ரன் நமக்கு மாசம் இருநூறு பேரை அனுப்பறான். ஒரு வரிதானே, எழுதிப் போடு."

விஜி பாஸ்வேர்டு கொடுத்தாள், வரியையும் எழுதினாள். எல்லோரையும் விடு என்ற வரி, மற்ற எல்லா வரிகளுக்கும் மேலே. ஆனால் அதைச் சேமிக்கவில்லை. சேமிக்காத வரி, இயந்திரம் அணைந்து எழுந்தால் அழிந்துவிடும். ஒரு கரண்ட் கட் வந்தால் தானாகப் போகட்டும் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

நான்காம் நாள் மழையில் கரண்ட் வெகுநேரம் போய், வரியும் போயிற்று. ராமபத்ரனிடமிருந்து போன் வந்தது. இந்தமுறை சங்கர்ராம் ஒரு செய்தியோடு வந்தார். விஜியின் தம்பி ஷிபு பாலிடெக்னிக் முடித்து இரண்டு வருஷமாகச் சும்மா இருப்பது ராமபத்ரனுக்குத் தெரியுமாம். ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக் வேலை இருக்கிறதாம். விசாவுக்குப் பணம் எதுவும் வேண்டாமாம்.

விஜி அன்று ஒன்றும் விளக்கவில்லை. வரியை மறுபடி எழுதினாள். சேமித்தாள்.

ஷிபு விமானம் ஏறிய அடுத்த வாரம் அப்பு அந்த வரிசையில் வந்து நின்றான். தோப்பும்படித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி சுமப்பவன், குவார்ட்டர்ஸில் மூன்று வீடு தள்ளிக் குடியிருப்பவன். அவனும் ராமபத்ரன் மூலமாகத்தான் துபாய்க்குப் போகவிருந்தான். எய்ட்ஸுக்கான முதல் சோதனை சந்தேகமாக வந்தது. ரத்தம் இரண்டாவது சோதனைக்கு வெளியூர் போயிற்று.

மறுநாள் மாலை விஜி வீடு திரும்பும்போது தண்ணீர்க் குழாயடியில் அப்புவுக்கு எய்ட்ஸ் என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அப்புவின் மனைவி சுமாவின் குடத்தை யாரோ காலால் தள்ளி வைத்திருந்தார்கள். இரண்டு நாளில், சுமா சமையல் செய்துவந்த வீட்டில் இனி வரவேண்டாம் என்றார்கள். மகளை ஒரு மாசம் வீட்டிலேயே வைத்திருக்கும்படி பள்ளியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். துறைமுகத்தில் அப்பு தொட்ட பெட்டியை மற்றவர்கள் தூக்க மறுத்தார்கள். விஷயம் ராமபத்ரன் ஆபீஸில் சாயா கொண்டுபோய்க் கொடுப்பவன் வாயிலிருந்து வந்தது என்று பிறகு தெரிந்தது. கம்ப்யூட்டரின் பதிவைத் திறந்து பார்த்தபோது, முடிவு ஏறிய இருபதாவது நிமிஷம் ராமபத்ரனின் பாஸ்வேர்டில் யாரோ அப்புவின் பக்கத்தைத் திறந்திருந்தது விஜிக்குத் தெரிந்தது. அதன் கீழே, திறந்த வழியில் வந்துபோன, யாருடையது என்றே தெரியாத இன்னும் நாற்பது முகவரிகள்.

ஒன்பதாம் நாள் இரண்டாவது முடிவு வந்தது. அப்புவுக்கு ஒரு நோயும் இல்லை.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அப்பு வீடுவீடாகப் போனான். கதவைத் திறந்தவர்கள் தலையாட்டினார்கள், பாவம் என்றார்கள். ஒருவர்கூடக் காகிதத்தைக் கையில் வாங்கவில்லை. அந்த வாரக் கடைசியில் மங்களூருக்குப் போகும் மீன்பிடிப் படகொன்றில் ஏறிப் போனவன், பிறகு ஒரு போன்கூடச் செய்யவில்லை.

விஜி அந்த வரியை அழித்தாள். நடந்ததைப் பெரிய டாக்டருக்கு ஒரு தாளில் எழுதினாள். சங்கர்ராம் அதைப் படித்துவிட்டு, எப்போதும்போல மெதுவாகச் சொன்னார்: "உள்ளே போய் எழுதினதா உன் பேர்தான் மெஷின்ல இருக்கு. என் பேர் எங்கயும் இல்லை. யோசிச்சுக் குடு."

அவள் கொடுத்தாள். பெரிய டாக்டர் கூடத்தின் பேர் கெட்டுவிடக் கூடாது என்று தாளை மடித்து மேஜைக்குள் வைத்தார். சங்கர்ராம் அதே நாற்காலியில் இருந்தார். விஜியை மட்டும் அன்றே போகச் சொன்னார்கள்.

அங்கிருந்து நேரே சுமாவின் வீட்டுக்கு நடந்தாள். இடக்கொச்சியில் தங்கை வீட்டோடு போய் இருப்பதற்காகச் சுமா சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். விஜி வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சங்கர்ராம் சொன்னதை, தான் செய்ததை, வேலை போனதை.  சுமா பெட்டிக் கயிற்றின் முடிச்சைப் போட்டு இறுக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"ஷிபு போயாச்சில்லே?"

"போயாச்சு சேச்சி."

"பின்னே உனக்குக் கிட்ட வேண்டியது கிட்டியாச்சு."

விஜி, தான் ஒரு பைசா வாங்கவில்லை என்றாள். சொல்லி முடிக்குமுன்பே அந்தச் சொல் அவளுக்கே கூசியது.

"காசா வாங்கினாத்தான் லஞ்சமா?" என்றாள் சுமா. "தம்பிக்குக் கிட்டின விசா என்ன? அப்பு சேட்டன் தன் ரத்தத்தை உங்ககிட்ட நம்பிக் குடுத்தாரு. அதுல இருந்தது அவரோட காரியம், உன்னோடது இல்ல. அதை வெளிய விட்டு இன்னொருத்தனுக்கு உபகாரம் பண்ண உனக்கு யாரு அதிகாரம் தந்தா? நாளைக்கு வேற இடத்துல வேலைக்குப் போவே. அங்கயும் ஒருத்தன் வந்து இதுபோல கேட்பான். தப்புன்னு தெரிஞ்சா அன்னைக்கே முடியாதுன்னு சொல்லு. எல்லாம் முடிஞ்சப்புறம் என் வாசல்ல வந்து அழுறதுல எனக்கு ஒரு பிரயோசனமும் இல்ல."

விஜி பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடிக்கக் குனிந்தாள். சுமா அவள் கையை விலக்கினாள். பெட்டியைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, மகளைக் கையில் பிடித்தபடி பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தாள்.